மாஅத்: பழைய எகிப்தைத் திறக்கும் ஒரு சொல்

பழைய எகிப்தைப் பற்றிப் புதிதாகப் படிக்கத் தொடங்குபவர் பெரும்பாலும் பட்டியலில் மாட்டிக்கொள்கிறார். பருந்துத் தலை ஹோரஸ், நரித் தலை அனுபிஸ், அரிவாள்மூக்கன் பறவைத் தலை தோத் என்று இருபது பேரைத் தாண்டுவதற்குள் முதலில் படித்தது மறந்துவிடும். அரசர் பட்டியல் இன்னும் நீளம். கி.மு. 3100 வாக்கில் வடக்கும் தெற்கும் ஒன்றானதில் தொடங்கி, 30 அரச மரபுகளைக் கடந்து, அவர்களுக்குப் பின் வந்த கிரேக்க வழி தாலமிகளின் கடைசி அரசி ஏழாம் கிளியோபாத்ரா கி.மு. 30ல் இறக்கும்வரை அது போகிறது. இரண்டு பட்டியலையும் ஓரமாக வைத்துவிட்டு ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொள்வது நல்லது. அந்தச் சொல் மாஅத். அது புரிந்தால் அரசன் எதற்கு, கோயில் எதற்கு, இறந்தவனின் நெஞ்சை, அதாவது இதயத்தை, தராசில் வைத்தது எதற்கு என்பதெல்லாம் ஒரே நூலில் கோத்துக்கொள்ளும்.

எகிப்திய எழுத்தில் உயிரெழுத்துகளை எழுதும் வழக்கம் இல்லை. ‘மாஅத்’ என்பது ஆய்வாளர்கள் வசதிக்காக வைத்துக்கொண்ட ஒலிப்பு. நடுவில் நிற்கும் ‘அ’வைப் பார்த்து அளபெடை போல நீட்டிவிட வேண்டாம். அந்த இடத்தில் இருப்பது தொண்டையின் அடியிலிருந்து வரும் ஒரு மெய்யொலி. அதைப் போன்ற ஒன்று அரபியில் இன்றும் இருக்கிறது.

பொருள் என்ன? உண்மை, நீதி, அறம் என்றெல்லாம் எழுதுகிறார்கள். ஒவ்வொன்றும் ஒரு துண்டுதான். தமிழில் ‘முறை’ என்ற சொல்லே கிட்டத்தில் வருகிறது. முறை என்றால் நீதி, ஒழுங்கு, ஒன்றைச் செய்யும் விதம். ‘இன்று யார் முறை?’ என்று கேட்டால் வரிசையும்கூட. மாஅத்துக்குள் இத்தனையும் அடக்கம். சூரியன் கிழக்கே எழுவது, ஆற்றில் வெள்ளம் காலத்தில் வருவது, தராசு கோணாமல் நிற்பது, அதிகாரி கூலியில் கை வைக்காமல் கொடுப்பது, மகன் தகப்பனுக்குச் சடங்கு செய்வது: எகிப்தியருக்கு இவை ஐந்து வேறு விஷயங்கள் அல்ல.

மாஅத் ஒரு பெண் தெய்வமும்கூட. தலையில் ஒற்றைத் தீக்கோழி இறகு. அதுவே அவள் அடையாளம். ஆனால் சூரியக் கடவுள் ராவின் மகள் என்பதற்கு மேல் அவளைப் பற்றிக் கதை அதிகம் கிடையாது. அவள் பெயரை எழுதப் பயன்படும் குறிகளில் ஒன்று, ஒரு முனை சரிவாக வெட்டிய தாழ்வான பீடம். தெய்வங்களின் ஆசனத்துக்குக் கீழே வரையப்படுவதும் அதே பீடம்தான். மேலே இருப்பது எதுவானாலும் அடியில் முறை இருக்க வேண்டும் என்பதைப் படமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள்.

முறை தானாக நிற்காது என்பதுதான் இதில் முக்கியம். படைப்புக்கு முன் இருந்தது நூன் என்ற இருண்ட, எல்லையற்ற நீர். அதிலிருந்து ஒரு மேடு எழுந்தது, அதன்மேல் உலகம் உண்டானது. அந்த நீர் எங்கும் போய்விடவில்லை. உலகத்தின் விளிம்பைச் சுற்றி இன்னும் காத்திருக்கிறது. முறை கெடுவதற்கு அவர்கள் வைத்த பெயர் இஸ்ஃபெட். ஒவ்வொரு இரவும் சூரியன் கீழுலகின் 12 மணிப் பகுதிகளைப் படகில் கடக்கும்போது அபெப் என்ற பெரும்பாம்பு வழிமறிக்கும். நாளை விடியும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அதனால் கோயிலில் ஒரு சடங்கு நடந்தது. மெழுகில் பாம்பு செய்து, அதன் பெயரை எழுதி, நான்கு முறை துப்பி, இடது காலால் மிதித்து, ஈட்டியால் குத்தி, கத்தியால் நறுக்கி, நெருப்பில் போடுவார்கள். சூரியனுக்கு அன்றாட உதவி.

அரசன் எதற்கு

‘பாரோ’ என்ற சொல்லின் மூலமான ‘பெர்-ஆ’வுக்குப் பெரிய வீடு என்று பொருள், முதலில் அரண்மனையைத்தான் குறித்தது. ‘கோட்டை முடிவெடுத்தது’ என்று இன்றைய செய்தித்தாள் எழுதுவதுபோல, அரண்மனை என்றாலே அரசன் என்று ஆனது கி.மு. 15, 14ஆம் நூற்றாண்டுகளில்தான். பிரமிடு கட்டிய கூஃபு அதற்கு ஆயிரம் ஆண்டுக்கு முந்தியவர். அவரை யாரும் அப்படி அழைத்ததில்லை.

அரசன் கடவுளா என்பது எல்லாரும் கேட்கும் கேள்வி. பதவி தெய்வத்தன்மை உடையது, அதில் உட்காருபவர் மனிதர் என்று எடுத்துக்கொண்டால் பெரிதாகத் தவறாது. நோய் வரும், கொலை நடக்கும், எல்லாம் அவர்களுக்குத் தெரியும். ஆனால் அந்த ஆசனத்தில் ஒருவர் இல்லாமல் முறை நிற்காது. அரியணைப் பெயர்களைப் பாருங்கள். மூன்றாம் அமென்ஹோதெப்புக்கு நெப்மாஅத்ரே, பெண் அரசர் ஹத்செப்சுத்துக்கு மாஅத்காரே, இரண்டாம் ராம்சேஸுக்கு உசெர்மாஅத்ரே. மூன்றிலும் அதே சொல். கோயில் சுவர்களில், உள்ளங்கை அளவுள்ள மாஅத் பொம்மையை அரசன் ஏந்தி தெய்வத்துக்குக் கொடுக்கும் காட்சி திரும்பத் திரும்ப வரும். ‘எனக்கு ஒப்படைத்ததைச் சரியாக வைத்திருக்கிறேன்’ என்று கணக்குக் காட்டுவது அது.

இந்தச் சொல்லை யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. கி.மு. 1353 வாக்கில் ஆட்சிக்கு வந்த அக்கெனாத்தன் அமுன் கடவுளின் பெயரைச் சுவர்களிலிருந்து செதுக்கி எடுத்தார், சூரிய வட்டமான ஆத்தனை மட்டும் வைத்துக்கொண்டார். அவரும் தன்னை ‘மாஅத்தில் வாழ்பவன்’ என்றே அழைத்துக்கொண்டார். அவருக்குப் பின் சிறுவனாக அரியணை ஏறிய துட்டன்காமனின் கல்வெட்டு நேர்மாறாகப் பேசுகிறது: தெற்கெல்லையின் எலிஃபன்டைன் முதல் வடக்கே டெல்டா சதுப்பு வரை கோயில்கள் இடிந்து புல் முளைத்துக் கிடந்தன, தெய்வத்தை வேண்டினால் வரவில்லை, இவர் வந்து மாஅத்தைத் திரும்ப நிறுத்தினார். எகிப்தியக் கல்வெட்டைப் படிக்கும்போது இதை நினைவில் வைக்க வேண்டும். முன்னவர் காலம் குழப்பம், நான் வந்தேன், முறை வந்தது என்பது புது அரசர்கள் பலரும் பாடிய பாட்டு. அதை அப்படியே வரலாறாக எடுத்துக்கொள்வது புதியவர்கள் அடிக்கடி செய்யும் பிழை.

கோயில்: காலை நடை திறப்பு

எகிப்தியக் கோயில் ஊரார் கூடிக் கும்பிடும் இடம் அல்ல. வெளி முற்றத்தைத் தாண்டிச் சாதாரண மக்கள் போவது அரிது. உள்ளே போகப் போகத் தரை உயரும், கூரை தாழும், வெளிச்சம் குறையும். கடைசியில் இருட்டான கருவறை. கோயிலைத் தெய்வம் குடியிருக்கும் வீடாகவும், பூசாரிகளை அந்த வீட்டு வேலைக்காரர்களாகவும் எண்ணிக்கொண்டால் சரியாக வரும்.

கொள்கைப்படி நாடு முழுவதற்கும் ஒரே பூசாரிதான்: அரசன். சுவரில் படையல் போடுவதாகக் காட்டப்படுவது அவர் மட்டுமே. ஒரே விடியலில் எல்லாக் கோயிலிலும் அவர் நிற்க முடியாது; ஆகவே தலைமைப் பூசாரி அவர் பெயரால் செய்வார்.

விடிவதற்கு முன் பூசாரி குளத்தில் குளித்து, நேட்ரான் உப்பை மென்று வாய் சுத்தம் செய்வார். தலைமுடி உட்பட உடல் முழுதும் மழித்திருக்க வேண்டும். உடை லினன் மட்டும். கம்பளி உள்ளே வரக்கூடாது. கருவறைக் கதவின் தாழில் கயிறு சுற்றி முந்தைய நாள் வைத்த களிமண் முத்திரை இருக்கும். அதை உடைத்து, தாழை இழுத்து, கதவைத் திறந்து, தரையில் விழுந்து வணங்கி, துதி பாடி, சாம்பிராணி காட்டுவார். பிறகு சிலையின் நேற்றைய உடையையும் பூச்சையும் நீக்கி, சுத்தம் செய்து, வெள்ளை, பச்சை, சிவப்பு, நீலம் என்று துணிகளைச் சாத்தி, நறுமண எண்ணெயைச் சுண்டு விரலால் தொட்டு வைப்பார். ரொட்டி, இறைச்சி, காய், பீர் எல்லாம் முன்னே படைக்கப்படும். கடைசியில் தரையில் சுத்தமான மணல் தூவி, பின்புறமாகவே நடந்து, தன் காலடிச் சுவட்டைத் துடைப்பத்தால் பெருக்கிக்கொண்டே வெளியே வந்து, கதவை மூடி, புது முத்திரை வைப்பார். காலடி எதற்குப் பெருக்க வேண்டும்? நேற்று நடந்த எதுவும் ஒட்டியிருக்கக் கூடாது. உலகம் முதல்முறை உண்டான காலைபோலவே ஒவ்வொரு காலையும் இருக்க வேண்டும்.

தெய்வம் சாப்பாட்டின் சாரத்தை எடுத்துக்கொள்ளும். மிச்சம் நம் ஊர் பிரசாதம்போல வெளியே வரும். ஆனால் அது கொசுறு அல்ல, சம்பளம். பூசாரிகளுக்கும் ஊழியர்களுக்கும் பதவிக்கேற்பப் பங்கு பிரியும். புதிய அரசு எனப்படும் காலத்தில் (சுமார் கி.மு. 1550 முதல் 1070 வரை) பூசாரிகள் நான்கு அணியாகப் பிரிந்து, ஒரு மாதம் வேலை, மூன்று மாதம் வீடு என்று முறை மாறினார்கள். வீட்டுக்குப் போன மாதங்களில் அவர்கள் மனைவி, பிள்ளை, சொந்தத் தொழில் உள்ள சாதாரண ஆட்கள்.

கோயில் எவ்வளவு பெரிய நிறுவனம் என்பதற்கு மூன்றாம் ராம்சேஸ் இறந்ததும் தொகுத்த, 40 மீட்டருக்கும் மேல் நீளமுள்ள பாப்பிரஸ் (நாணல் தாள்) சுருள் ஒன்றே போதும். தீப்ஸ் நகர அமுனின் உடைமை என்று அது காட்டுவது: 86,486 ஆட்கள், 4,21,362 கால்நடைகள், 433 தோட்டங்கள், 83 கப்பல்கள், 65 ஊர்கள். சாமிக்குச் சோறு போட இவ்வளவா என்று கேட்கத் தோன்றும். சோறு போனது சாமி வழியாக ஆயிரக்கணக்கான வயிறுகளுக்கு. கோயில்தான் களஞ்சியம், கூலியும் பஞ்சகாலச் சேமிப்பும் அங்கிருந்துதான்.

பதினாறு முழம்

அந்தக் களஞ்சியத்தை நிரப்பியது நைல். எத்தியோப்பிய மலைகளில் பெய்யும் மழை கோடையில் எகிப்துக்கு வெள்ளமாக வரும். ஆண்டு மூன்று பருவம்: வெள்ளம், விதைப்பு, அறுவடை, ஒவ்வொன்றும் 4 மாதம். மாதத்துக்கு 30 நாள், கடைசியில் 5 நாள் கூட்டி 365. கால் நாளை விட்டுவிட்டதால் நான்கு ஆண்டுக்கு ஒரு நாள் நழுவி, சில நூற்றாண்டுகளில் ‘வெள்ளப் பருவம்’ என்று பெயர் கொண்ட மாதம் அறுவடை நேரத்தில் வந்து நின்றது. கி.மு. 238ல் மூன்றாம் தாலமி நான்கு ஆண்டுக்கு ஒரு நாள் சேர்க்க ஆணையிட்டுப் பார்த்தார். அது நடைமுறைக்கு வரவில்லை.

வெள்ளத்தின் உயரத்தை ஆற்றங்கரைப் படிக்கட்டில் வெட்டிய கோடுகளால் அளந்தார்கள். எலிஃபன்டைன் தீவில் அந்தப் படிகளை இன்றும் பார்க்கலாம். அளவு முழம், அரச முழம் ஒன்று சுமார் 52.5 செ.மீ., 7 கையகலம், 28 விரல். ரோம எழுத்தாளர் பிளினி கணக்கை இப்படிச் சொல்கிறார்: 12 முழம் என்றால் பஞ்சம், 13 என்றால் பசி, 14 மகிழ்ச்சி, 15 நிம்மதி, 16 கொண்டாட்டம். பஞ்சத்துக்கும் கொண்டாட்டத்துக்கும் நடுவே வெறும் இரண்டு மீட்டர். குறைந்தால் மேட்டு வயல்களில் தண்ணீர் ஏறாது. மிகுந்தால் கரைகள் உடையும், பச்சை மண் செங்கல் வீடுகள் கரையும், நீர் வடியத் தாமதமாகி விதைப்பு தள்ளிப்போகும்.

தண்ணீர் வடிந்ததும் எல்லைக்கற்கள் இருக்கிறதா என்று பார்த்து, பயிர் நிற்கும்போதே முடிச்சுப் போட்ட கயிறால் வயலை அளந்து, எழுத்தர் வரியைக் குறித்துக்கொள்வார். அறுவடைக்குப் பிறகு அந்தத் தானியம் வராவிட்டால் அடி விழும். கல்லறை ஓவியங்களிலேயே அது உண்டு. வெள்ளம் பல ஆண்டு தவறினால் என்ன ஆகும்? கி.மு. 2100ஐ ஒட்டி, பிரமிடு காலமான பழைய அரசு உடைந்த பின், அங்க்திஃபி என்ற தென்பகுதித் தலைவர் தன் கல்லறையில் எழுதிவைத்தார்: மேல் எகிப்து (தெற்குப் பகுதி) பசியால் சாகிறது, தங்கள் பிள்ளைகளையே தின்னும் நிலை, என் பகுதியில் மட்டும் யாரும் பசியால் சாகவில்லை. தற்பெருமைதான், ஆனால் ஒரு தலைவர் எதைச் சொல்லிப் பெருமைப்பட வேண்டும் என்று அன்று நினைத்தார்கள் என்பது இதில் தெரிகிறது.

மூட்டை வராத மாதம்

மேலிருந்து கீழே இந்த முறை எப்படி வேலை செய்தது என்பதைக் கிட்டத்தில் பார்க்க ஓர் ஊர் இருக்கிறது. லக்சருக்கு எதிரே, நைலின் மேற்குக் கரையில், டெய்ர் எல்-மதீனா. அரசர்களின் பள்ளத்தாக்கில் கல்லறை குடைந்த கல்வெட்டுநர், ஓவியர், எழுத்தர் குடும்பத்தோடு வாழ்ந்த இடம். மதிலுக்குள் 68 வீடுகள், சுவரோடு சுவர் ஒட்டி. கிணறு கிடையாது, தண்ணீரைக் கழுதையில் ஏற்றி வர வேண்டும். அவர்கள் உடைந்த பானை ஓட்டிலும் சுண்ணாம்புக்கல் சில்லிலும் எழுதித் தள்ளிய ஆயிரக்கணக்கான குறிப்புகள் கிடைத்திருக்கின்றன.

இவர்கள் அடிமைகள் அல்ல. சாட்டையடி பட்டுப் பிரமிடு கட்டிய அடிமைக் கூட்டம் என்ற படமும் சான்றுகளோடு பொருந்தவில்லை. 2013ல் செங்கடல் கரையில் வாதி அல்-ஜர்ஃபில் கிடைத்த, கூஃபு காலத்துப் பாப்பிரஸ் நாட்குறிப்பில் மெரெர் என்ற மேற்பார்வையாளர், சுமார் 40 பேர் கொண்ட தன் குழு தூராக் கல்சுரங்கத்திலிருந்து பிரமிடு எழுந்த கீசாவுக்குச் சுண்ணாம்புக்கல்லைப் படகில் கொண்டுபோனதை நாள்வாரியாக எழுதியிருக்கிறார். அந்தத் தாள்களோடு தானிய வரவுக் கணக்கும் இருந்தது.

டெய்ர் எல்-மதீனாவில் வாரத்துக்குப் பத்து நாள்; எட்டு நாள் வேலை, இரண்டு நாள் ஓய்வு. வராதவருக்குக் காரணம் குறிப்பார்கள். இரண்டாம் ராம்சேஸின் 40ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு சுண்ணாம்புக்கல் பலகையில் 40 பேரின் 280 நாள் வருகைப் பதிவு இருக்கிறது. ஒருவரைத் தேள் கடித்தது, ஒருவருக்குக் கண் நோய், ஒருவர் அம்மாவின் உடலுக்குத் துணி சுற்றப் போனார், ஒருவர் பீர் காய்ச்சிக்கொண்டிருந்தார். பீர் காய்ச்சுவது ஏற்கத்தக்க காரணம்.

நாணயம் கிடையாது. ஒரு தொழிலாளிக்கு மாதத்துக்கு ரொட்டிக்கு 4 மூட்டை எம்மர் கோதுமை, பீருக்கு ஒன்றரை மூட்டை வாற்கோதுமை. ஒரு மூட்டை சுமார் 77 லிட்டர். மொத்தம் 420 லிட்டருக்கு மேல். மேஸ்திரிக்கு ஏழரை மூட்டை. மீன், காய்கறி, விறகு, எண்ணெய், துணி தனி. குடும்பம் சாப்பிட்டு மிஞ்சியதை மாற்றிக்கொள்ளலாம். விலையைச் செம்பு எடையில் சொன்னார்கள். ஒரு தெபென் என்பது 91 கிராம். ஒரு மூட்டைத் தானியம் 2 தெபென், செருப்பு 1 அல்லது 2, கழுதை 25 முதல் 40. ஆக ஒரு மாதக் கூலி சுமார் 11 தெபென். ஒரு கழுதை வாங்க மூன்று மாதக் கூலி போகும்.

கி.மு. 1157 வாக்கில், மூன்றாம் ராம்சேஸின் 29ஆம் ஆண்டில், மூட்டை வரவில்லை. பாப்பிரஸ் பதிவு இன்று இத்தாலியின் டூரின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உலகில் எழுத்தில் கிடைத்த முதல் வேலைநிறுத்தம் என்று பொதுவாகச் சொல்வது இதைத்தான். ‘பசிக்கிறது, 18 நாள் ஆகிவிட்டது’ என்று சொல்லிக் குழுவினர் காவல் சுவர்களைத் தாண்டி வெளியே வந்தார்கள். ஒரு கோயிலின் பின்புறம் போய் உட்கார்ந்தார்கள். அடுத்து இரண்டாம் ராம்சேஸின் நினைவுக் கோயில். இடம் தேர்ந்தது பசியால் மட்டும் அல்ல. களஞ்சியம் இருந்தது கோயிலில். ‘துணி இல்லை, எண்ணெய் இல்லை, மீன் இல்லை, காய் இல்லை, அரசருக்குச் சொல்லி அனுப்புங்கள், அமைச்சருக்குச் சொல்லி அனுப்புங்கள்’ என்றார்கள். பாக்கி மாதத் தானியம் வந்தது. பிறகு மறுபடி நின்றது.

தலைமை அமைச்சர் தோ அப்போது அரசரின் 30ஆம் ஆண்டு விழாவுக்காகத் தெற்கிலிருந்து தெய்வச் சிலைகளைப் படகில் ஏற்றி வடக்கே கொண்டுபோய்க்கொண்டிருந்தார். அரசரின் வலிமையையும் உலகின் முறையையும் புதுப்பிக்கும் விழா அது. சிலைக்குப் படகு கிடைத்தது, ஆளுக்கு மூட்டை கிடைக்கவில்லை. களஞ்சியத்தில் எதுவும் இல்லாவிட்டாலும் கிடைத்ததைத் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினார். பாதிக் கூலி கொடுக்கப்பட்டது. இன்னொரு நாள் தொழிலாளர்கள் சொன்னதுதான் கவனிக்க வேண்டியது: நாங்கள் சுவரைத் தாண்டியது பசியால் மட்டும் இல்லை, அரசரின் இந்த இடத்தில் தீமை நடந்திருக்கிறது. அவர்கள் அரசனை எதிர்க்கவில்லை. அரசன் எதைக் காக்க உட்கார்ந்திருக்கிறாரோ அதையே அவருக்கு நினைவுபடுத்தினார்கள்.

இதே ஊரில் வழக்குகளை ஊரார் மன்றமே கேட்கும். தீராவிட்டால், தெய்வமாகிவிட்ட முதலாம் அமென்ஹோதெப்பின் சிலையைத் தோளில் தூக்கி வருவார்கள். கேள்வி கேட்டால் சிலை முன்னே வந்தால் ஆம், பின்னே போனால் இல்லை. தூக்குபவரும் அதே ஊரார்தான் என்பதால் தீர்ப்பு ஊரின் மனசை ஒட்டியே வந்திருக்கும். பெண்கள் சொத்து வைத்திருக்கலாம், தங்கள் இஷ்டப்படி எழுதியும் வைக்கலாம். ஐந்தாம் ராம்சேஸ் காலத்தில் நௌனக்தே என்ற மூதாட்டி மன்றத்தின் முன் உயில் சொன்னார். அவருக்கு எட்டுப் பிள்ளைகள். முதுமையில் கை கொடுத்தவர்களுக்கு என் சொத்து, கொடுக்காதவர்களுக்கு இல்லை. பார்த்துக்கொண்ட ஒரு மகனுக்குக் கூடுதலாக ஒரு வெண்கலப் பாத்திரம்.

பெயரை மாற்றிய வழக்கு

மூன்றாம் ராம்சேஸின் முடிவு நல்லபடியாக இல்லை. தியே என்ற இளைய அரசி, தன் மகன் பென்டவேரை அரியணையில் ஏற்ற அந்தப்புரத்தில் சதி செய்தாள். 2012ல் வெளியான சி.டி. ஸ்கேன் ஆய்வில் அரசரின் மம்மியில் தொண்டை ஆழமாக அறுபட்டிருப்பது தெரிந்தது. விசாரணைப் பதிவும் டூரினில் இருக்கிறது. நீதிபதிகளிலேயே சிலர் குற்றம் சாட்டப்பட்ட பெண்களோடு சேர்ந்து குடித்துக் கூத்தடித்து மாட்டினார்கள். அவர்களுக்கு மூக்கும் காதும் போனது.

சதிகாரர் சிலரின் பெயரையே பதிவில் திருத்தினார்கள். ஒருவர் பெயர் ‘மெசெத்சுரே’, அதாவது ‘ராவுக்கு அவன்மேல் வெறுப்பு’. எந்தத் தாயும் பிள்ளைக்கு அப்படிப் பெயர் வைக்க மாட்டாள். உண்மைப் பெயர் ராவின் அன்பைப் பற்றியதாக இருந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். எகிப்தியருக்குப் பெயர் என்பது அழைப்பதற்கு மட்டும் அல்ல. உடல், நிழல், கா என்ற உயிர்ச்சக்தி, பறவை உருவில் திரியும் பா ஆகியவற்றோடு பெயரும் ஓர் ஆளின் உறுப்பு. பெயர் நிற்கும்வரை ஆள் நிற்பார்.

நெஞ்சும் இறகும்

உடலைப் பதப்படுத்த 70 நாள். மூளையை மூக்கு வழியாகக் கொக்கியால் எடுத்துத் தூக்கி எறிந்துவிடுவார்கள். நினைப்பதும் நினைவு வைப்பதும் நெஞ்சின் வேலை என்பது அவர்கள் நம்பிக்கை. நுரையீரல், ஈரல், இரைப்பை, குடல் நான்கும் தனித்தனியே நேட்ரானில் உலர்த்தப்படும். நெஞ்சு மட்டும் உள்ளேயே இருக்க வேண்டும், ஏனென்றால் அது சாட்சி சொல்லப் போகிறது. (இரண்டாம் ராம்சேஸின் மூக்குத் துளைகளில் மிளகு மணிகள் இருந்தன. மிளகு விளைந்தது தென்னிந்தியாவில், கி.மு. 13ஆம் நூற்றாண்டிலேயே அது நைல்வரை கைமாறிப் போயிருக்கிறது.)

தீர்ப்பு மண்டபத்தில் இறந்தோரின் கடவுள் ஒசைரிஸ் அமர்ந்திருப்பார். தராசின் ஒரு தட்டில் இறந்தவர் நெஞ்சு, மறு தட்டில் மாஅத்தின் இறகு. அனுபிஸ் தராசின் தூக்குக்குண்டைச் சரிபார்ப்பார், தோத் எழுதிக்கொள்வார். பக்கத்தில் அம்மித் காத்திருப்பாள்: முதலைத் தலை, சிங்க முன்னுடல், நீர்யானைப் பின்னுடல். நெஞ்சு இறகைவிட லேசாக இருக்க வேண்டும் என்று பல இடங்களில் எழுதியிருப்பது தவறு. ஓவியங்களில் தட்டுகள் சமமாக நிற்கின்றன, சமம்தான் முறை. தோற்றவருக்கு நரகத்தில் நீண்ட வாசம் என்பதைவிட, அம்மித் நெஞ்சை விழுங்கியதும் ஆளே இல்லாமல் போவதுதான் பயம். இரண்டாவது சாவு.

அங்கே 42 நீதிபதிகள் முன்னால் ஒவ்வொருவரையும் பெயரும் ஊரும் சொல்லி அழைத்து, ‘நான் செய்யவில்லை’ என்று சொல்ல வேண்டும். ஹெராக்கிளியோபோலிஸிலிருந்து வந்த எலும்பு நொறுக்கியே என்று அவர்கள் பெயர்கள் மிரட்டும். ஆனால் குற்றப் பட்டியல் அன்றாடம் மணக்கும். கொலை, களவு இருக்கும்; கூடவே, வயல் அளவைக் குறைக்கவில்லை, தராசுக் குண்டில் கை வைக்கவில்லை, குழந்தை வாயிலிருந்து பாலைப் பறிக்கவில்லை, ஓடும் தண்ணீரை மறிக்கவில்லை. கயிறு பிடித்த எழுத்தரும் மூட்டை அளந்த அதிகாரியும் வாய்க்கால் தகராறு செய்த பக்கத்து வயல்காரரும் இந்தப் பட்டியலில் தங்களைப் பார்த்திருப்பார்கள்.

நெஞ்சு வாய் திறந்து உண்மையைச் சொல்லிவிட்டால்? அதற்கும் வழி வைத்திருந்தார்கள். பச்சைக் கல்லில் வண்டு வடிவம் செதுக்கி, பொன்னில் பொதிந்து, மம்மியின் மார்பில் வைப்பார்கள். அதன் அடியில் எழுதியிருப்பது: என் தாய் தந்த நெஞ்சே, எனக்கு எதிராகச் சாட்சி நிற்காதே, தராசுக்காரர் முன்னால் என்னை மறுக்காதே. முறையின் முன்னால் நிற்கும்போதும் ஒரு சிபாரிசு.

இந்த மந்திரங்களைத் தொகுத்த சுருளைத்தான் இன்று ‘இறந்தோர் நூல்’ என்கிறார்கள். மொத்தம் சுமார் 190 பகுதிகள். எந்தச் சுருளிலும் எல்லாம் இருக்காது, காசுக்கேற்பத் தேர்ந்து எழுதுவார்கள். பணக்காரர் சொல்லிச் செய்துகொண்டார். மற்றவர்கள் பட்டறையில் ஏற்கெனவே எழுதி அடுக்கியிருந்ததில் ஒன்றை வாங்கினார்கள். அப்படிப்பட்ட சுருள்களில் இறந்தவர் பெயர் வர வேண்டிய இடம் விடப்பட்டிருக்கும். விற்றதும் இன்னொரு கை அதில் பெயரை நிரப்பும். எழுத்து மாறுவதும், இடம் போதாமல் பெயரை நெருக்கியிருப்பதும் கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்று பார்த்தாலே தெரியும். சிலவற்றில் அந்த இடங்களை நிரப்ப மறந்துவிட்டார்கள். இறந்தவர் ஒவ்வொருவரையும் ‘ஒசைரிஸ் இன்னார்’ என்று அழைப்பது மரபு. ஆகவே அந்தச் சுருளை அவிழ்த்து வாசித்தால், ஒசைரிஸ் என்ற சொல்லுக்குப் பிறகு ஒரு விரல் அகலம் வெறும் பாப்பிரஸ், அதற்குப் பிறகு: நான் தராசுக் குண்டில் கை வைக்கவில்லை.